வெளித் தாழ்ப்பாள்

அந்தப் பள்ளிக்கூடத்து முதலுதவி அறையில் ஒரு கட்டில், ஒரு எடைக்கருவி, முனகிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி, ஒரு நர்ஸ். ஆறாம் வகுப்புப் பொடிசுகள் முதல் தலைமை ஆசிரியர் வரை எல்லாருக்கும் அவள் 'சிஸ்டர்'தான். "கூடப்பிறந்தவன் ஒரே ஒரு தம்பி, அவன்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல" என்று சொல்லிச் சிரிப்பாள். பதினோரு வருட அனுபவம். பரீட்சைக்குப் பயந்து வரும் வயிற்றுவலியையும் நிஜ வயிற்றுவலியையும், பிள்ளை வாசலில் நிற்கிற விதத்திலேயே பிரித்துவிடுவாள்.

அந்த வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நாலு பேர் அடுத்தடுத்துத் தலைவலி என்று வந்தார்கள். நாலு பேருக்கும் உதடு வறண்டிருந்தது. நாலாவதாக வந்தவள் குருவி. ஆள் சிறுத்தவள் என்பதால் வகுப்பே சேர்ந்து வைத்த பேர். மணி மூன்றாகியும் அவளுடைய தண்ணீர் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது.

"காலையிலேர்ந்து ஒரு வாய்கூடக் குடிக்கலையா கண்ணு?"

"தாகமே எடுக்கல சிஸ்டர்."

"அடிக்கிற வெயில்ல ஒட்டகத்துக்கே எடுக்கும். குடிச்சா பாத்ரூம் போகணுமேன்னு பயமா?"

குருவி மின்விசிறியையே பார்த்தாள். பிறகு, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

சத்தியம் செய்துவிடுவது சுலபம். சிஸ்டர் செய்யவில்லை.

"அதை மட்டும் பண்ண மாட்டேன்டா. உனக்கு ஒரு ஆபத்துன்னா சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லித்தான் ஆவேன். ஆனா யார்கிட்ட, என்ன சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிடுவேன். உனக்குத் தெரியாம ஒரு வார்த்தை இந்த ரூமைத் தாண்டாது."

குருவி யோசித்தாள். சிஸ்டர் அவசரப்படுத்தாமல் பஞ்சை உருட்டி உருட்டி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழெட்டு உருண்டை விழுந்த பிறகு விஷயம் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன், பின்கட்டுக் கழிப்பறைக்குள் அவள் இருக்கும்போது யாரோ வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். ஒரு பாடவேளை முழுக்கக் கதவைத் தட்டியிருக்கிறாள். வெளியே சிரிப்புச் சத்தம். கூட்டிப் பெருக்கும் அம்மா வந்துதான் திறந்துவிட்டார். 'வெளிய சொன்னா அடுத்த தடவை சாயங்காலம் வரைக்கும்தான்' என்று கதவிடுக்கில் ஒரு குரல் சொன்னதாம். அது பள்ளிக்கே தெரிந்த குரல். தினம் காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து உறுதிமொழி வாசிக்கும் மாணவர் தலைவியின் குரல். அதற்கப்புறம் இன்னும் மூன்று பெண்களுக்கும் அதே கதி.

"நீ சொன்னது ரொம்ப நல்லது. இதுல உன் தப்பு கடுகளவும் இல்ல. இப்ப பெரிய சார்கிட்டயும் உங்க அப்பாகிட்டயும் சொல்லப்போறேன். சரியா?"

"அப்பா திட்டுவாரா?"

"திட்டினா அவரை என்கிட்ட அனுப்பு."

குருவி சொன்னதை அவள் வாய்மொழியிலேயே எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டு எடுத்துப்போனாள் சிஸ்டர். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் வம்பு என்றால் ஏழு தெரு சுற்றிப் போகிறவர்.

"அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் சிஸ்டர். அந்தப் பொண்ணு பேச்சுப் போட்டியில நமக்குக் கோப்பை வாங்கித் தந்தவ. ஏதோ விளையாட்டுக்கு..."

"விளையாட்டுன்னா ரெண்டு பக்கமும் சிரிக்கணும் சார். இங்க நாலு பிள்ளைங்க தண்ணியே குடிக்கல. முதல் வேலையா அந்த வெளித் தாழ்ப்பாளை எல்லாம் கழட்டணும்."

"அதுக்கு விண்ணப்பம் எழுதி, கமிட்டி கூடி, ஆள் வரவச்சு..."

"ஆள் வந்தாச்சு சார்" என்று எழுந்துவிட்டாள்.

ஆய்வகத்தில் ஒரு திருப்புளி கிடைத்தது. எட்டுக் கதவு. துருப்பிடித்த திருகாணிகள் சண்டித்தனம் செய்தன. கடைசி ஒன்று எண்ணெய் விட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. முக்கால் மணி நேரத்தில் எட்டுத் தாழ்ப்பாளும் தலைமை ஆசிரியரின் மேசையில், அவள் எழுதிய தாளின்மேல் இருந்தன.

"காத்துல பறந்துடக் கூடாதுல்ல சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தாளை எடுத்துப் படித்தார். பாதியில் சிரிப்பு நின்றுபோனது. ஃபோனை எடுத்தார்.

குருவியின் அப்பா பஸ் ஓட்டுகிறவர்; சீருடையோடு வந்தார். திட்டவில்லை. "ரெண்டு வாரமா வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம பாத்ரூமுக்கு ஓடுவா. நான் கிண்டல் பண்ணிட்டு இருந்தேன் சிஸ்டர்" என்று சொல்லி மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

விசாரணையில் தலைவி ஒப்புக்கொண்டாள். பதவி போயிற்று. அவளும் வாரம் ஒருநாள் தன் அறைக்கு வரவேண்டும் என்றாள் சிஸ்டர்.

"அவளுக்கு எதுக்கு?" என்றார் தலைமை ஆசிரியர்.

"அவளும் நம்ம பிள்ளைதான் சார்."

முதல் வாரம் அந்தப் பெண் உம்மென்று உட்கார்ந்துவிட்டுப் போனாள். மூன்றாவது வாரம் வாய் திறந்தாள். எதிலாவது இரண்டாவதாக வந்தால் அவள் அப்பா நாள்கணக்கில் அவளிடம் பேசமாட்டாராம்.

"கஷ்டம்தான். உங்க அப்பாகிட்ட நானே பேசுறேன்" என்றாள் சிஸ்டர். "ஆனா அதுக்குக் குருவி என்ன பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல" என்றாள் அந்தப் பெண். "மன்னிப்புக் கேட்டா மன்னிப்பாளா?"

"அது அவ இஷ்டம். கேக்கறதுதான் உன் வேலை. அவளுக்கு உன்னைப் பார்க்கச் சம்மதமான்னு முதல்ல நான் கேட்டுச் சொல்றேன்."

குருவி சம்மதித்தாள். சிஸ்டர் வாசலில் நிற்க, இருவரும் உள்ளே ஐந்து நிமிடம் பேசினார்கள். பெரியவள் கண்ணைத் துடைத்தபடி போன பிறகு குருவி வெளியே வந்தாள்.

"என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டேன் சிஸ்டர்."

சொல்லிவிட்டு, கையை வீசிக்கொண்டு மைதானத்துப் பக்கம் நடந்தாள்.