டோமினோ மேசையில் நெரெய்தா கேட்ட கேள்வி

பாராஓனாக் கடற்கரையில் நெரெய்தா விசாரிக்காத வைத்தியச் சங்கதி கிடையாது. மருந்துக்கடைக்காரியைத் துளைத்தெடுப்பாள். வானொலி மருத்துவருக்குப் போன் போடுவாள். சுகாதார நிலையத்தின் வாராந்திரக் கூட்டத்தில் முதல் வரிசை அவளுடையது. அங்கே வருகிறவர்கள் எல்லாரும் பெண்கள். அவர்கள் கேட்பதில் பாதி புருஷன்மாரின் நோவு.

அவள் புருஷன் எலிசெயோ படகு மெக்கானிக். நான்கு மாதமாக அவனுக்கு மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. யாரிடமும் வாய் திறக்கவில்லை. கூடவே இருப்பவளுக்குத் தெரியாதா? அவளே சுகாதார நிலைய டாக்டரம்மாவிடம் போனாள்.

“ஆளைப் பாக்காம எப்படிச் சொல்றது? அவரை வரச் சொல்லுங்க.”

எலிசெயோ மசியவில்லை. “என் கூட்டாளி தாங்கிரெதோ ரம்முல வேர் ஊறப்போட்டுக் குடுத்திருக்கான். அவன் சித்தப்பாவுக்கு அதுலதான் சரியாச்சாம்.”

“அந்தச் சித்தப்பா செத்து ஆறு வருஷமாச்சு.”

ஞாயிறு மதியம் வாதாமரத்தடிக்குப் போனாள். ஆண்கள் டோமினோக் காய் ஆடும் மேசை அது; எலிசெயோவும் அங்கே இருந்தான். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு ஆட்டம் ஆடினாள். பிறகு சாதாரணக் குரலில் கேட்டாள்:

“இங்க யாருக்கெல்லாம் ஒன்னுக்குப் போறது செரமமா இருக்கு?”

தாங்கிரெதோ தொண்டையைச் செருமினான். “மதினி, இது ஆம்பளைங்க பேசற இடம்.”

“பேசுங்களேன். அதக் கேக்கத்தான வந்திருக்கேன்.”

அவள் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. அவன் பெயரைத் தன் வாயால் சொல்லக்கூடாது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள்.

காது சிவக்க எலிசெயோ கையிலிருந்த காய்களைக் கவிழ்த்தான். “எனக்கு இருக்கு. நாலு மாசமா.”

தாங்கிரெதோ மெல்லச் சொன்னான்: “எனக்கு ஒரு வருஷம் ஆச்சு மச்சான். ரத்தமும் வருது.”

வியாழக்கிழமை நான்கு ஆண்கள் சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றார்கள். தாங்கிரெதோவைத் தலைநகருக்கு அனுப்பினார்கள். புற்று பரவுவதற்குள் கண்டுபிடித்து அறுத்து எடுத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் வீடு வந்து சேர்ந்தான்.

எலிசெயோவுக்கு மூத்திரப்பைக்குக் கீழே உள்ள சுரப்பியில் வெறும் வீக்கம்தான். டாக்டரம்மா மாத்திரை எழுதும்போது பழக்கத்தில் நெரெய்தா கேள்வி கேட்க வாயெடுத்தாள். அவன் அவள் முழங்கையைத் தொட்டான். “இரு, நான் கேக்கறேன்.”

மாத்திரை என்ன செய்யும், எத்தனை நாள், குணமாகவில்லை என்றால் அடுத்து என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். வெளியே காத்திருந்தவர் இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டார். நெரெய்தா நிமிர்ந்து உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது அவன் யார் கண்ணிலும் படாமல் சந்து வழியாகப் போகலாம் என்றான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் கையைக் கோத்துக்கொண்டு கடைத்தெரு நடுவிலேயே கூட்டிப்போனாள்.