கல்யாணத்துக்கு மாற்றல்

பட்டாளத்துக்காரர்களின் கல்யாணத்துக்கும் மாற்றல் உண்டு. அதனால் விவாகரத்து வேண்டுபவர்கள், கல்யாணம் அப்போது எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்டில்தான் மனுப் போட வேண்டும்.

கோமளாவுக்கு இது திருச்சிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. லீவில் மட்டும் வந்துபோகும் ஹவில்தார் துளசிராமனுக்காகக் காத்திருந்து அலுத்துப்போய், நர்ஸ் வேலை தேடிக்கொண்டு வேலூரிலிருந்து குடிவந்திருந்தாள். அவரோடு உறவை அறுத்துவிட்டால்தான் புது ஊர் மனசில் ஒட்டும் என்று தோன்றியது. கோர்ட்டு குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க இங்க, அவரு எல்லையில. சரி. கல்யாணம் எங்கம்மா இருக்கு?"

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இருவரும் சேர்ந்து குடியிருந்த ஜான்சி குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று பல்பு, குழாய், மின்விசிறி எல்லாம் சரிபார்த்து ஒப்படைத்தார்கள். கல்யாணம் மட்டும் சமையலறையிலேயே நின்றுவிட்டது. அவர் எடுத்து வைத்திருப்பார் என்று இவளும், இவள் எடுத்து வைத்திருப்பாள் என்று அவரும் இருந்துவிட்டார்கள். அடுத்துக் குடிவந்தவர்கள் அதை ரெஜிமெண்டில் சேர்க்க, அங்கே அதற்கு நம்பர் கொடுத்து வைத்துக்கொண்டார்கள்.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும். ஜான்சிக்குப் போனாள். அம்பாலாவுக்கு மாற்றலாகிவிட்டது என்றார்கள். அம்பாலா ஸ்டேஷனில் இறங்கியதுமே கண்ணில் பட்டது. இளைத்துப்போய், கறுப்பு ட்ரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் துளசிராமன். அவரும் மனுப் போடத்தான் வந்திருந்தார்.

"சாப்ட்டியா?" என்றது கல்யாணம். குரல் அவளுடையது, நடுவே வந்த இருமல் அவருடையது. கோமளாவுக்கு அழுகை வந்தது. அவளை யாரும் அப்படிக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

"இங்கதான இருப்ப?"

"இல்லமா, இப்ப வண்டி. மலைமேல போட்டுக்கீறாங்க. அங்க குடும்பம் வரக்கூடாது."

"கோர்ட்டு?"

"பனிதான் கீது."

துளசிராமன் வழக்கம்போல் பெட்டியில் பழைய ஊர்ப்பெயரை அடித்துவிட்டு, வெள்ளைப் பெயிண்டில் புதுப்பெயரை எழுதிக் கொடுத்தார். கோமளா வழிக்குக் கட்டிவந்த புளிசாதத்தை அதன் மடியில் வைத்தாள். "காத மூடிக்கோ, குளிரும்" என்றாள். லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம் அவரிடம் சொல்வதுதான்.

வண்டி மறையும்வரை இருவரும் கையசைத்தார்கள்.

பிறகு பக்கத்தில் நின்ற மனிதர் மரியாதையாகக் கேட்டார்: "யார ஏத்திவுட வந்தீங்கம்மா?"

"தெரிஞ்சவங்க. நீங்க?"

"நானும் தெரிஞ்சவங்களத்தான்."

அவர் விரலெல்லாம் வெள்ளைப் பெயிண்ட். துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தார், பாவம். யாரோ துளசிராமன் என்பவரின் பெயர் எழுதிய ஏதோ கோர்ட்டு மனு ஒன்று அவள் கையில் இருந்தது. அதை நீட்டினாள்.