மாருலி யார் பிள்ளை?

சந்தையில் கருவாட்டுக் கடைக்காரன் "மாருலி அப்பா!" என்று கூப்பிட, பார்லின் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி லாம்ரியாவுக்கு அந்த இடத்திலேயே வயிறு எரிந்தது. மாருலி என்று அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. எந்தப் பேரிலும் பிள்ளை கிடையாது.

பஹாயே பள்ளத்தாக்கில் கல்யாணமானவர்களைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மூத்த பிள்ளையின் பேரைச் சேர்த்து இன்னார் அப்பா, இன்னார் அம்மா என்பார்கள். பிள்ளை இல்லாதவர்களையும் ஊர் சும்மா விடவில்லை. அவர்கள் பைமா அப்பா, பைமா அம்மா. பைமா என்றால் காத்திரு என்று பொருள். லாம்ரியா ஐந்து வருஷமாகப் பைமா அம்மா. வருஷம் தவறாமல் அவள் அம்மா மஞ்சள் மணக்கக் கெண்டை மீன் சமைத்து எடுத்து வந்து, இருவரையும் உட்கார வைத்து ஊட்டி, பிள்ளை பிறக்கட்டும் என்று ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போவாள். மீன் சாப்பிட்டதுதான் மிச்சம்.

கல்யாணமான புதிதில் இருவரும் பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பேர் பார்த்து வைத்திருந்தார்கள். மாருலி. அதை வெளியில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் லாம்ரியா கேட்டாள்: "யாருய்யா அந்த மாருலி?"

பார்லின் அரிசி மூட்டையைத் தோள் மாற்றினான். "மினாரோட குட்டி."

மினாரைப் பற்றி லாம்ரியாவுக்கு வேண்டியதற்கு மேலேயே தெரியும். பாத்தாங் தோரு காட்டில் வாழும் மாவாஸ் அவள். வெளியூர்க்காரர்கள் ஒராங்குட்டான் என்பார்கள். அவள் பின்னாலேயே சுற்றுவதுதான் பார்லினுக்கு உத்தியோகம். அவள் கண் விழிக்கும் முன்னே கூட்டுக்கு அடியில் போய் நிற்க வேண்டும். சாயங்காலம் அவள் புதுக் கூடு கட்டிப் படுத்த பிறகுதான் வீட்டு ஞாபகம் வர வேண்டும். எங்கே போனாள், என்ன தின்றாள் என்று நோட்டில் எழுதுவான். வழியில் கண்ணி இருந்தால் அறுத்துப் போடுவான். மனைவி புதுச் சட்டை போட்டால் கண்ணில் படாது. மினாரின் இடது கையில் முள் கீறியதைச் சோறு தின்று முடிக்கும்வரை பேசுவான்.

"குட்டியை முதல்ல பார்த்தவன்தான் பேர் வைக்கணும். தாய் பேரு மாதிரியே ம வரிசையில வைக்கணும். என் வாயில அதுதான் வந்துச்சு" என்றான்.

"ஏன், மண்ணாங்கட்டின்னு வர்றது! வேற பேரே கிடைக்கலையா உனக்கு?"

"கோவப்படாத. எட்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பெத்துக்கும். இந்த மலையை விட்டா இந்த இனம் உலகத்துலயே வேற எங்கயும் இல்ல. பார்த்த சந்தோஷத்துல..."

"சந்தோஷமா இருக்காதா பின்ன! அவ அம்மா ஆயிட்டா, நீ அப்பா ஆயிட்ட. நான் மட்டும் பைமா. நல்லா இருக்குய்யா உன் குடும்பம்."

கூட வேலை செய்கிறவர்கள் விளையாட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்தது, சந்தைவரை வந்துவிட்டது என்றான். சரி, நீ ஏன் திரும்பினாய் என்று அவள் கேட்டாள். அவன் மூட்டையை மறுபடி தோள் மாற்றினான்.

பக்கத்துத் தோட்டத்துச் சொந்தாங் அப்பாவுக்கும் மாவாஸ் மேல் ஆத்திரம். பலாவைப் போல முள் நிறைந்த அவருடைய டுரியான் காய்களைப் பழுக்க விடுவதில்லையாம். ஒரு நாள் வேலியோரம் நின்று லாம்ரியாவிடம் சொன்னார்: "உன் வீட்டுக்காரன் இருக்கிறப்ப நான் கை வைக்க முடியாது. உங்க மரத்துக்கு வந்தா ஒரு குரல் குடு. ரெண்டு குண்டு போட்டா இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காது."

"வரட்டும், நானே கூப்பிடுறேன்" என்றாள்.

அவரிடம் இருந்தது காற்றுத் துப்பாக்கி. அந்தக் குண்டு உடனே உயிரை வாங்காது, கண்ணைக் குருடாக்கும். அப்படிக் குருடான ஒரு மாவாஸைப் பார்லினும் மற்றவர்களும் சுமந்து வந்ததை லாம்ரியா பார்த்திருக்கிறாள். தெரிந்தேதான் சொன்னாள்.

நாலு வாரம் கழித்துப் பெருமழை பெய்தது. மழையில் மினாரைத் தவறவிட்டுவிட்டு, பார்லின் இரண்டு நாளாக மேற்கு மேட்டில் தேடிக்கொண்டிருந்தான். லாம்ரியா காட்டோரம் இருந்த டுரியான் மரத்தடியில் களை பிடுங்கப் போனாள். கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்த மரம் அது. குனிந்தவளின் காலருகே ஒரு முள்தோல் வந்து விழுந்தது.

மேலே மினார் உட்கார்ந்திருந்தாள். காலால் ஒரு காயைப் பிடித்துக்கொண்டு பல்லால் உடைத்து, சதையை உதட்டில் வைத்துக் கொடுத்தாள். மார்பைக் கட்டிக்கொண்டிருந்த குட்டி அதைத் தாயின் உதட்டிலிருந்தே எடுத்துத் தின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் லாம்ரியாவுக்குப் பொறுக்கவில்லை. என் அப்பன் மரத்துப் பழம், என் புருஷன், என் பிள்ளையின் பேர், எல்லாம் இவளுக்கா?

"சொந்தாங் அப்பா!" என்று கத்தினாள்.

காத்திருந்தவர் மாதிரி அவர் துப்பாக்கியோடு ஓடி வந்து, குறி பார்த்தார். மினார் குட்டியை மார்போடு அழுத்திக்கொண்டு அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். குட்டிக்கு என்ன தெரியும்? தாயின் தோளுக்கு மேல் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தது.

"மாருலி! தலையை உள்ள இழுடா!"

கத்தியது லாம்ரியாதான். அந்தப் பேரை அவள் வாய்விட்டுக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. கூப்பிட்டதோடு போய்த் துப்பாக்கிக் குழலையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா இது? நீதானே கூப்பிட்ட?"

"கூப்பிட்டேன். இப்ப வேண்டாங்கிறேன்."

"அந்தக் குரங்கு உன் புருஷனை வளைச்சுப் போட்டிருக்குன்னு ஊரே சிரிக்குது. உனக்கு ரோஷமே கிடையாதா, பைமா அம்மா?"

"ரோஷம் இருக்கப்போய்த்தான் சொல்றேன். அவ எனக்குச் சக்களத்தி. எங்க சண்டையை நாங்க பார்த்துக்கிறோம், நடுவுல நீங்க யாரு? இன்னொண்ணு, என்னைப் பைமா அம்மான்னு கூப்பிடாதீங்க."

"வேற எப்படிக் கூப்பிடுறதாம்?"

அவள் மரத்தைக் காட்டினாள். "அந்தப் பேரு முதல்ல என்னுது."

அவர் குழலை அவள் கையிலிருந்து விடுவித்தார். பிறகு சிரித்து, துப்பாக்கியைத் தோளில் மாட்டினார். "சரிம்மா, மாருலி அம்மா! ரெண்டு பேரும் சேர்ந்தே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே போயிருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் பார்லின் முழங்கால்வரை சேற்றோடு ஓடி வந்தான்.

"மினாருக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கும் ஒண்ணும் ஆகல."

அவன் மேலே பார்த்தான், அவளைப் பார்த்தான். நோட்டை எடுத்து மரத்தையும் நேரத்தையும் குறித்தான். பிறகு பேனா நின்றது. "முதல்ல யாரு பார்த்ததுன்னு எழுதணும். என்னன்னு எழுத?"

"பைமா அம்மான்னு எழுதின, நோட்டு அடுப்புக்குப் போயிடும்."

அவன் எழுதிக் காட்டினான். மாருலி அம்மா. லாம்ரியா அதை இரண்டு தடவை படித்தாள்.

"நாளையிலேர்ந்து நானும் வர்றேன். உங்க மூணு பேரையும் தனியா விடுறதா இல்ல" என்றாள்.

மேலே இன்னொரு மாருலி அம்மா கையை நீட்டி அடுத்த காயைப் பறித்தாள். மரத்திலேயே நல்ல காயாகப் பார்த்துப் பறிக்கிறாள் என்று லாம்ரியாவுக்கு மறுபடி வயிறு எரிந்தது.