தண்ணீர்க் கேனுக்கு மேலே ஒட்டிய தாள்

வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர்க் கேனுக்கு மேலே ஒரு தாளை ஒட்டுவது அவன் வழக்கம். யாரும் கேட்டுக்கொண்ட வேலை அல்ல.

காப்பீட்டு விசாரணைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும் அலுவலகம் அது. பத்துப் பேர் அடிப்பார்கள். அவன் மறுபடி கேட்டுத் திருத்துவான். ஒரு சொல்லைத் திருத்தினால் அது பிறந்த கதையையும் சொல்லாமல் விடமாட்டான். அதனால் அகராதி என்று பெயர் விழுந்தது.

தாளில் மூன்று பத்திகள். காதில் விழுந்தது, சரியானது, பிறந்த கதை. 'மூட் பாயின்ட்' என்பதை ஒருவர் 'மியூட் பாயின்ட்' என்று அடித்திருப்பார். ஊமைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று எழுதுவான். மூட் என்றால் பழைய ஆங்கிலத்தில் வழக்குப் பேசக் கூடும் சபை. சபையில் வாதாட வேண்டிய விஷயம், அவ்வளவுதான். மொட்டிலேயே கிள்ளு என்ற ஆங்கிலத் தொடரை, ஒலி ஒத்துப்போனதால் ஒருவர் பின்பக்கத்தில் கிள்ளு என்று அடித்த வாரம், மதியம் வரை யாருக்கும் வேலை ஓடவில்லை.

தாளில் பெயர் இருக்காது. பதிவு எண்ணும் நிமிடமும் இருக்கும். ஆதாரம் இல்லாமல் எதையும் எழுதி அவனுக்குப் பழக்கமில்லை.

ஜன்னலோரம் உட்காரும் அக்காதான் முதலில் எழுந்து வருவார். அங்கே வயதில் மூத்தவர் அவர்.

"தம்பி, இந்த வாரம் எனக்கு எத்தனை?"

"மூணுதான்க்கா."

"பரவாயில்லையே, தேறிட்டேன்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "பதிவுல பேசினவன் கிள்ளுன்னு சொன்னான். எங்கேன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டார். மேசையில் அவனுடைய பழைய தாள்கள், பதினான்கு.

"உன் புண்ணியத்துல ஒரு விஷயம் தெளிவாச்சு," என்றார். "பதிவு எண்ணை வச்சு யாரோடது எதுன்னு பார்த்தேன். நாப்பத்தி ஒண்ணுல முப்பத்தி நாலு ஜன்னலோரம் இருக்கற அந்தம்மாவோடது. காது போயிடுச்சு போல. இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம். சரிபார்த்தேன்னு நீ ஒரு கையெழுத்து போடு."

அவன் பேனாவை வாங்கினான். மூடியைக் கழற்றினான். மறுபடி மூடினான்.

"மதியம் தரேன் சார்."

முதல் இரண்டு வாரம் எல்லோருடைய பிழைகளிலிருந்தும் சிலவற்றை ஒட்டியிருந்தான். எதிர் வரிசை நெட்டையன் ஒன்பது நாள் அவனோடு பேசவில்லை. இன்னொரு பெண் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். அதன்பிறகு அவர்களுடையதைச் சத்தமில்லாமல் திருத்தினான். அக்கா சிரித்தார். அதனால் தாளை அவருடைய பிழைகளே நிரப்பின.

போன வாரம் நெட்டையன் மட்டும் பதினொன்றைக் கோட்டை விட்டிருந்தான். எல்லா வகையிலும் என்று பொருள்படும் 'இன்டென்ட்ஸ் அண்ட் பர்பஸஸ்' அவன் காதில் 'இன்டென்சிவ் பர்பஸஸ்' ஆகியிருந்தது. ஏறக்குறைய ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு சட்டத்தின் வாசகம் அது. நல்ல கதை. ஒட்ட முடியவில்லையே என்று அகராதி வருத்தப்பட்டது அந்தக் கதைக்காகத்தான்.

சாப்பிடப் போகவில்லை. திருத்தக் குறிப்புகளை எடுத்து, பத்துப் பேருடையதையும் எண்ணினான். அக்கா நடுவில் எங்கோ இருந்தார். அவரைவிட மோசமாக ஐந்து பேர்.

"இந்தத் தாளை நம்பாதீங்க சார்," என்றான் மேனேஜரிடம்.

"பொய்யா எழுதினியா?"

"இல்ல. எல்லாம் நிஜம். அவங்களோடதை மட்டும் பொறுக்கி எழுதினேன்."

"ஏன், உனக்கும் அவங்களுக்கும் எதாவது தகராறா?"

"இல்ல சார்." காது மடல் சுட்டது. "அவங்க கோவிச்சுக்கமாட்டாங்க."

மேனேஜர் அவனையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"நீ பொய்யே எழுதியிருக்கலாம்," என்றார். "இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் குடு. அந்தம்மாகிட்டயும் நீயே போய் சொல்லு."

ஜன்னல் பக்கம் போய் நின்றான். அக்கா ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் தள்ளினார். எல்லாவற்றையும் சொன்னான், முப்பத்தி நாலு உட்பட. சொல்லும்போது அவருடைய விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சில எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன.

"அப்போ என் வேலை?"

"இருக்குக்கா. எண்ணிக் குடுத்துட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்காத அவர் முகத்தை அவன் இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை.

"மொத வாரம் நீ ஒட்டுனப்போ வீட்டுக்குப் போய் சோறு இறங்கல," என்றார். "இந்த வயசுல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா, கிளம்புங்கம்மான்னு சொல்லிடுவாங்க. அதான் முந்திக்கிட்டு நானே சிரிச்சேன்."

"எனக்குத் தெரியாதுக்கா."

"உனக்கா?" என்றார். "எது எங்கேருந்து வருதுன்னு எல்லாம் தெரிஞ்ச ஆளாச்சே நீ."

அவர் ஹெட்ஃபோனைச் சரியாக மாட்டிக்கொண்டு, பதிவை ஓடவிடும் மிதியைக் காலால் அழுத்தினார்.