முப்பத்தொன்றாம் எண்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரைப் போட்டு, என் கட்டுரைகளை இதுவரை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். கண்காணாத தேசத்தில் யாரோ ஒருவர் தன் கட்டுரைக்கு ஆதாரமாக 'அறிவரசன், 1998' என்று போட்டிருந்தால் அன்றைக்கு டீ கொஞ்சம் கூடுதலாக இனிக்கும். எண்ணிக்கை நேற்று இருந்த இடத்திலேயே நின்றால் என் மாணவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

நான் சென்னையில் புற்றுநோய் உயிரியல் ஆராய்ச்சி செய்கிறவன். 2007 மார்ச் வரைக்கும் இருபத்துமூன்று கட்டுரைகள் எழுதியிருந்தேன். அவற்றில் இருபத்திரண்டை என்னைத் தவிர யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. மிச்சமிருந்த அந்த ஒன்றை மட்டும் இருநூற்றுப் பதினான்கு பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். எனக்குக் கிடைத்த வேலை, வெளிநாட்டுப் பயணம், மேடையில் போர்த்தும் சால்வை எல்லாம் அந்த ஒன்றால் வந்தவை. அடுத்த மாதம் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் இருந்தது. விண்ணப்பத்தில் அந்த 214-ஐத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

அந்தக் கட்டுரையில் ஒரு பொய் இருக்கிறது. அதை எழுதியவன் நான்தான்.

1996 மே மாதம் அந்த ஆய்வைத் தொடங்கினேன். வாயில் புகையிலை அடக்கும் பெண்கள் நாற்பது பேர், அடக்காத பெண்கள் நாற்பது பேர். கன்னத்தின் உட்புறத்தை மரக்குச்சியால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் செல்களை எண்ண வேண்டும். உட்கரு உடைந்து துணுக்கு துணுக்காகக் கிடந்தால் செல்லுக்குச் சேதம் என்று அர்த்தம். முதல் நாற்பது பேரை அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கும் பெண்களிடம் பிடித்துவிட்டேன். புகையிலை போடாத நாற்பது பேருக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்த சுலபமான வழி, வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தெருவுக்கே போவது. எல்லாரும் சொந்தக்காரர்கள். வாயைத் திற என்றால் திறப்பார்கள்.

எங்கள் தெருவில் முதல்முதலாகக் காலேஜ் படியேறியவன் நான். கையில் பெட்டியோடு போனதும் ஏதோ கலெக்டரே வந்துவிட்ட மாதிரி நாற்காலி போட்டார்கள். அத்தை அம்சவள்ளி, என் அப்பாவின் தங்கை, புடவைத் தலைப்பால் அந்த நாற்காலியைத் துடைத்துவிட்டாள். அவள் மகள் வெற்றிச்செல்விக்கும் எனக்கும் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் வெகுநாளாகப் பேச்சு இருந்தது. அதனால் அத்தை என்னிடம் எப்போதும் மாப்பிள்ளைக்குத் தரும் மரியாதையோடுதான் பேசுவாள்.

"அத்தை, புகையிலை போடுற பழக்கம் இருக்கா?"

"அய்யய்ய, எனக்கா? அந்தக் கருமத்தையெல்லாம் நான் தொடுறதில்லிங்க மருமவனே. வெறும் வெத்தல பாக்கு, அதுவும் நல்லநாள் பெரியநாள்ல."

"இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். கன்னத்தைச் சுரண்டியதும் சிரித்தாள். "கூச்சமா இருக்குங்க." எங்கள் தெருக்காரர்களுக்குத் தனியாக ஒன்றிலிருந்து எண் போட்டு, எண்ணும் தேதியும் எழுதிய சின்னச் சீட்டு ஒன்றை ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். அவளுடையது 31. "இதப் பத்திரமா வச்சிருங்க அத்தை. ஏதாச்சும் இருந்தா நானே வந்து சொல்றேன்" என்றேன். எல்லாரிடமும் அதைத்தான் சொன்னேன்.

சென்னைக்குத் திரும்பி எண்ணத் தொடங்கினேன். புகையிலை போடாதவர்களுக்கு ஆயிரம் செல்லில் ஒன்றோ இரண்டோதான் உடைந்திருந்தன. முப்பத்தொன்றில் பத்தொன்பது. மறுபடி எண்ணினேன், பத்தொன்பதுதான். உடைந்ததோடு போகவில்லை, சில செல்களின் உருவமே மாறிக்கொண்டிருந்தது. இன்னும் புற்று ஆகவில்லை. ஆகிற வழியில் இருந்தது. அந்த நிலையில் பிடித்தால் சின்ன வெட்டோடு முடியும்.

என் வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. "சாயம் சரியாப் பிடிக்கலைன்னு எழுதி எடுத்துடு. ஒரு ஸ்லைடுக்காக முழு வேலையையும் கெடுத்துக்காத" என்றார். சாயம் நன்றாகவே பிடித்திருந்தது. ஆனால் அந்த ஒன்றை எடுத்துவிட்டால், 'புகையிலை பழக்கமில்லாதவர் ஒருவரிடம்கூட இந்த அளவு சேதம் காணப்படவில்லை' என்று எழுத முடியும். அந்த வாக்கியத்தை எழுத எனக்குக் கை பரபரத்தது. எழுதினேன். பிற்பாடு அந்த 214 பேரும் தூக்கிக்கொண்டு போனது அதே வாக்கியத்தைத்தான்.

அத்தையிடம் மட்டும் நேரில் போய்ச் சொல்லி, திருச்சிக்கு அழைத்துப்போய்க் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். பொங்கலுக்குப் போகும்போது சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் கூட ஆராய்ச்சி செய்த பெண்ணைக் கட்டிக்கொள்வதென்று முடிவாகிவிட்டது. அப்பா போய் வெற்றிச்செல்வி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தை புருஷன் ராசாங்கம் மாமா, "இனிமே அந்தப் பய என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று தெருவில் நின்று சொன்னாராம். பெண்ணை வேண்டாமென்ற வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? ஒரு கடிதம் போட்டிருக்கலாம். அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஒரு கார்டு போதும். எழுதினால் ஸ்லைடு நன்றாக இருந்தது என்பதற்கு என் கையெழுத்திலேயே சாட்சி இருக்கும் என்றும் ஒரு பயம் இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2001-இல் அத்தை இறந்தாள். கன்னம் புரையோடி, கடைசியில் கஞ்சிகூட இறங்கவில்லை என்று அப்பா போனில் சொன்னார். எடுப்பதற்கு நான் போகவில்லை. மாநாடு இருக்கிறது என்றேன். மாநாடு உண்மையிலேயே இருந்தது. அங்கே அந்தக் கட்டுரையைப் பற்றித்தான் பேசினேன். கை தட்டினார்கள்.

2007 மார்ச் 24, சனிக்கிழமை, பெரம்பலூரில் ஒரு காலேஜில் எனக்குப் பாராட்டு விழா. 'மண்ணின் மைந்தர்' என்று பேனர் வைத்திருந்தார்கள். நான் கழுத்தை நெரிக்கும் டையோடு அதில் சிரித்துக்கொண்டிருந்தேன். சுற்றுவட்டார நர்சுகளையும் அழைத்திருந்தார்கள். வந்த எல்லாருக்கும் ஒரு ஃபைல், அதற்குள் ஒரு பேனா, மிக்சர் பொட்டலம், என் புகழ்பெற்ற கட்டுரையின் ஜெராக்ஸ். யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் நானும் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து ஆட்கள் சாப்பாட்டுக்குப் போனதும் நர்ஸ் உடுப்பில் ஒருத்தி மேடைப் பக்கம் வந்தாள். பத்து வருஷமாகப் பார்க்கவில்லை என்றாலும் நடையிலேயே தெரிந்துவிட்டது. வெற்றிச்செல்வி.

"வணக்கம் சார். செட்டிகுளம் பக்கம் நர்சா இருக்கேன்."

சார்! அந்த ஒரு சொல்லிலேயே என்னை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டாள். முன்பெல்லாம் மாமா என்பாள்.

"நல்லா இருக்கியா வெற்றி?"

"இருக்கேன் சார். ஒரு சந்தேகம்." ஜெராக்ஸைப் புரட்டி, கடைசியில் இருந்த அட்டவணையில் விரலை வைத்தாள். "இங்கிலீசு எனக்கு அவ்வளவா ஓடாது. நம்பர் படிப்பேன். இருபத்தொம்போது, முப்பது போட்டிருக்கு. அடுத்து முப்பத்திரெண்டு வருது. முப்பத்தொண்ணு எங்க சார்?"

இருநூற்றுப் பதினான்கு பேர். ஒருவர்கூட என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை.

அவள் பர்ஸிலிருந்து ரேஷன் கார்டு உறையை எடுத்தாள். அதற்குள்ளிருந்து பழுப்பேறிய ஒரு சீட்டு. 31. என் கையெழுத்து.

"அது... சாயம் சரியா பிடிக்கலம்மா. ஸ்லைடு கெட்டுப்போச்சு. அதான் எடுத்துட்டோம்." பதினொரு வருஷமாகத் தயாராக இருந்த பொய், தடுக்காமல் வந்தது.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அவள் தோள் தளர்ந்தது, கண் நிறைந்துவிட்டது.

"அப்ப ஒங்களுக்கும் தெரியாதா?"

நான் சீட்டிலிருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன்.

"நான் என்னென்னமோ நெனச்சுட்டேன் மாமா. என்னை வேணாம்னுட்ட வீம்புல, தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டீங்கன்னு நெனச்சேன். வாயாறத் திட்டியிருக்கேன். ஒங்க புள்ளகுட்டியச் சேத்துத் திட்டியிருக்கேன். மன்னிச்சிடுங்க மாமா." கை கூப்பினாள். "அம்மா புகையில போடும். ஒளிச்சு ஒளிச்சுப் போடும். மருமவனா வரப்போறவரு முன்னாடி அதைச் சொல்லுமா? ராவெல்லாம் கன்னத்துல அடக்கிக்கிட்டுதான் தூங்கும். நீங்க வந்து சுரண்டிட்டுப் போயி ரெண்டு வருசங்கழிச்சு வெள்ளையாப் படை மாதிரி வந்துச்சு. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். வரவே மாட்டேன்னுடுச்சு. இந்தச் சீட்டைத்தான் எடுத்துக் காட்டும். 'அறிவு பாத்துட்டான்டி. ஏதாச்சும் இருந்தா வந்து சொல்றேன்னான். பொண்ணு வேணான்னாலும் அத்தைய விட்டுடுவானா? சொல்லலல்ல, அப்ப ஒண்ணுமில்ல'ன்னு சொல்லும்."

மேடை ஓரத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். புகையிலை! அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு, வேறொரு பெண்ணை விட்டு ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்தத் தெருவில் பிறந்தவனுக்கு, மாமியாராகப் போகிறவள் மருமகனிடம் எதை ஒத்துக்கொள்வாள், எதை ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று தெரியாதா? கேட்டிருந்தால் என் வாக்கியமும் பொய்யாகியிருக்காது. அவளைப் புகையிலை போடும் நாற்பது பேரோடு சேர்த்திருப்பேன். கட்டுரையும் நின்றிருக்கும், அத்தையும் இருந்திருப்பாள். அவசரத்தில் இரண்டையும் கெடுத்தேன். இப்போது அவள் மகள் என்னைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"கையை எறக்கு வெற்றி."

"பரவால்ல மாமா..."

"எறக்குன்னு சொல்றேன்ல!" கத்திவிட்டேன். "சாயம் நல்லாத்தான் பிடிச்சிருந்துச்சு. நான் பாத்தேன். ரெண்டு தடவ எண்ணினேன். கெட்டது ஆரம்பிச்சிருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன்."

சாப்பாட்டுக் கூடத்தில் எவர்சில்வர் வாளிகள் மோதும் சத்தம் கேட்டது. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவள் அழுகை நின்றுவிட்டது. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா அம்மா பொழச்சிருக்குமா?"

உறுதியாகச் சொல்ல முடியாது, நூற்றுக்கு இத்தனை பேர் என்றுதான் சொல்லலாம் என்று ஒரு பதில் நாக்கு நுனியில் இருந்தது. இப்படி எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன்.

"பொழச்சிருக்கும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நோயாளி சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் நர்ஸ் மாதிரிதான் ஆட்டினாள்.

"பத்திரிகைக்கு எழுதிடுறேன் வெற்றி. கட்டுரைய வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அது ஒங்க பாடு சார்."

ஃபைலிலிருந்த பேனாவை எடுத்து, சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி என் முன்னால் நீட்டினாள். "என்ன இருந்துச்சுன்னு இதுல எழுதிக் குடுங்க. தமிழ்ல எழுதுங்க. அப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும்."

முழங்காலில் வைத்து எழுதினேன். எண் 31. அம்சவள்ளி, வயது 41. ஆயிரம் செல்லில் பத்தொன்பது உடைந்தவை. புற்று தொடங்கும் நிலை. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்தக் கடைசி வரியை எழுதும்போது பேனா ஓடவில்லை, உதறி உதறி எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"தேதி போடுங்க சார்."

சீட்டின் முன்பக்கத்தில் 18.5.1996 என்று நானே எழுதியிருந்தேன். பின்பக்கத்தில் 24.3.2007 என்று எழுதிக் கொடுத்தேன்.