முப்பத்தோராம் பக்கத்து மீன்

வெண்டல் ஹார்யூவின் மேசை இழுப்பறையில் ஒரு ராஜினாமாக் கடிதம் இருந்தது. மூன்று வருடங்களில் அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து முடித்தது அது ஒன்றுதான். அவரே எழுதியது என்பதால் முடிவு முன்பே தெரிந்திருந்தது. இருந்தும் நடுவில் இரண்டு இடங்களில் கொட்டாவி வந்தது.

சுப்பீரியர் ஏரிக்கரையில், வருடத்தில் பாதி நாள் பனிக்கு அடியில் கிடக்கும் ஒரு சிற்றூரின் பொது நூலகத்துக்கு அவர்தான் நூலகர். வயது ஐம்பத்து நான்கு. யாராவது வந்து "என்ன படிக்கலாம்?" என்று கேட்டால், ஏதோ ஒரு புத்தகத்தை உருவி, பின்னட்டையில் கண்ணை ஓட்டி, "இதுல கொஞ்சம் சோகம் இருக்கும், ஆனா ஆளைக் கவுத்துடாது" என்பார். எல்லாப் புத்தகத்துக்கும் அது பொருந்தியது. அந்த ஊர்க் குளிர்காலத்துக்கும் பொருந்தியது.

வாசிப்பு எப்போது கைவிட்டுப் போனது என்று அவருக்கே தெரியாது. பெரிய துக்கம் எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் வெளியே சொல்லிக்கொள்ளவாவது கௌரவமாக இருந்திருக்கும். சளி பிடித்து எழுந்தவனுக்கு நாக்கில் ருசி திரும்பாத மாதிரி, அவ்வளவுதான். கண் வரிகளின் மேல் நடந்து போகும். மனசு மட்டும் வாசலிலேயே நின்று, பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே வராது.

ஜனவரியில் ஒரு நாள் கடிதம் பிடிபட்டது.

"ஏன் வெண்டல், இந்தக் கடிதாசியை எப்பக் குடுக்கறதா உத்தேசம்?" என்று கேட்டார் டார்லா. முகப்பில் உட்கார்ந்து புத்தகம் கொடுத்து வாங்குபவர். அவரைவிட எட்டு வயது மூத்தவர்.

"அது எப்படி உன் கைக்கு...?"

"ஸ்டேப்ளர் தேடினேன். ரெண்டாவது பத்தி ஒரே இழுவை. குறைச்சிடு."

"படிக்காத ஒருத்தன் இந்த நாற்காலில உட்காரக் கூடாது டார்லா. ஊரை ஏமாத்தற மாதிரி இருக்கு."

"நீ படிக்கறதில்லன்னு எனக்கு எப்பவோ தெரியும். ஹெல்வி கேட்டாளேன்னு ரொட்டி செய்யற புத்தகத்தை எடுத்துக் குடுத்துட்டு, 'கடைசில வர்ற திருப்பத்தை யாரும் எதிர்பார்க்க முடியாது'ன்னு சொன்னியே."

வெண்டல் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏப்ரல்ல பனி உருகட்டும். அதுக்கு முன்னாடி இந்த ஊர்ல யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அதுவரைக்கும் உனக்கு ஒரு புத்தகம் தேடு" என்றார் டார்லா. "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் எடுத்துக் குடுக்கற. உனக்குன்னு ஒண்ணு ஆப்புடாதா?"

தேடினார். பரிசு வாங்கிய புத்தகங்களை எடுத்துப் போனார். அவை மேடையிலிருந்தே இறங்கி வரவில்லை. பன்னிரண்டு வயதில் போர்வைக்குள் படித்தவற்றை எடுத்தார். பழைய சட்டைக்குள் தலையை நுழைத்தது போல மூச்சு முட்டியது. ஒல்லியானதாக இருந்தால் முடித்துவிடலாம் என்று எண்பது பக்கத்தில் ஒன்றை எடுத்தார். அதிலும் எழுபத்தைந்து பக்கம் மிச்சமிருந்தது.

படிக்காத நூலகருக்கு மிச்சமிருக்கும் உருப்படியான வேலை ஒன்று உண்டு: அழிப்பது. திரும்பி வரும் புத்தகங்களைப் புரட்டி, வாசகர்கள் கிறுக்கிய பென்சில் கோடுகளை அழிப்பானால் தேய்த்து எடுப்பது. வெண்டல் அதைப் பிற்பகல்களில், ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு தவம் போலச் செய்வார். வெளியே பனி இறங்கும். ஏரியும் வானமும் ஒரே வெள்ளையில் கலந்து, எது எதன் மேல் இருக்கிறது என்று தெரியாமல் போகும். அழிப்பான் துகள்களும் பனி மாதிரியே மடியில் விழும்.

அப்படி ஒரு மூன்று மணிக்குத்தான், ஒரு நாவலின் முப்பத்தோராம் பக்கத்தில், எண்ணுக்கு அடியில், அந்த மீனைப் பார்த்தார்.

இரண்டு வளைந்த கோடுகள். ஒரு வால். நகக்கண் அளவுகூட இல்லை. அந்தக் கிறுக்கலை இதற்கு முன் எத்தனையோ முறை அழித்திருக்கிறார். அது கோடாகத்தான் கண்ணில் பட்டிருக்கிறது. அன்று, பனி வெளிச்சம் தாளில் சாய்வாக விழுந்ததாலோ என்னவோ, மீனாக இருந்தது. நீந்தி வந்து, எண்ணுக்குக் கீழே சற்று நின்று, இவரைத் திரும்பிப் பார்த்தது போல இருந்தது.

அழிப்பானைக் கீழே வைத்தார். மீன் ஏன் இங்கே நிற்கிறது? அந்தப் பக்கத்தைப் படித்தார். ஆற்றங்கரையில், படகுக்காரன் மனைவி ஒருத்தி மாலையில் வாத்துகளை எண்ணுகிறாள். ஒன்று அதிகம் இருக்கிறது. அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று ஒரு மீன் இங்கே நின்றது? தெரிய வேண்டுமென்றால் முதல் பக்கத்துக்குப் போக வேண்டும். போனார்.

நிமிர்ந்தபோது ஜன்னல் நீலமாகியிருந்தது. டார்லா விளக்கைப் போட்டது எப்போது? மறுநாள் மாலை வாத்துக்காரியின் கதையை முடித்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து அழுதார். அடுப்பில் சூடாகிக்கொண்டிருந்த பேஸ்டி, இறைச்சி அடைத்த ரொட்டி, கரிந்தது. வாசிப்பால் ஒரு வேளை சோறு தீய்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்து, மகிழ்ச்சியாகக் கரியையே தின்றார்.

அதன் பிறகு அவர் மீன் பிடிக்கக் கிளம்பினார். அலமாரி அலமாரியாக நின்று, ஒவ்வொரு புத்தகத்திலும் முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து பார்த்தார். பத்தில் ஒன்றில் மீன் இருந்தது. கயிற்று முடிச்சுகளைப் பற்றிய ஒரு கனத்த புத்தகத்தில் இருந்தது. கண்ணாடி ஊதும் குடும்பம் ஒன்றின் அறுநூறு பக்கக் கதையில் இருந்தது. கொலைகாரன் யாரென்று நாலாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும் ஒரு துப்பறியும் கதையிலும் இருந்தது. அதையும் படித்தார், கொலைகாரன் மேல் பரிதாபம் வந்தது. மீன் போன வழியெல்லாம் போனார். அரைத் தூக்கத்தில் அலமாரிகளுக்கு நடுவே தண்ணீர் ஏறியது; புத்தகங்கள் பாசி மாதிரி மெல்ல அசைந்தன; வெள்ளி முதுகு ஒன்று முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

மீனுக்கு ஒரு சொந்தக்காரி இருக்க வேண்டும் அல்லவா? வெண்டல் அவளையும் உண்டாக்கினார். நீலச் சால்வை. ஏரியைப் பார்த்த ஜன்னல். மனதைத் தொட்ட புத்தகத்தில் மட்டும், தொட்ட இடத்தில், யாருக்கும் தெரியாமல் ஒரு மீனை விட்டுவிட்டுப் போகிறவள். தன்னைப் போன்ற ஒரு தொலைந்த ஆத்மாவுக்காகவே விட்டுப் போகிறவள். இவர் தலைமுடிக்கு எண்ணெய் வைத்துச் சீவ ஆரம்பித்தார்.

"யாருன்னு மட்டும் சொல்லு டார்லா. கம்ப்யூட்டர்ல இருக்குமே."

"புத்தகம் திரும்பி வந்ததும் பேரு அழிஞ்சிடும். யார் என்ன படிச்சான்னு நாம வச்சுக்கறதில்ல. அந்தச் சட்டத்தை நூலக வாரியத்துல சண்டை போட்டுக் கொண்டு வந்தது நீதான்."

"நான் ஒரு மடையன்."

"அது கம்ப்யூட்டர்ல இருக்கு."

மார்ச் தொடக்கத்தில் பெரும்பனி வந்தது. பள்ளிகளை மூடிவிட்டார்கள். நூலகத்தில் வெண்டலும் டார்லாவும்தான். பிற்பகல் இரண்டு மணிக்கு வாசலில் பனி தள்ளும் வண்டி வந்து நின்றது. உள்ளே வந்தவன் ருடி மாட்டிலா. ஊர்ச் சாலைகளின் பனியை முப்பது வருடமாகத் தள்ளுபவன். கதவளவு ஆள். மூன்றாம் வகுப்பில் வெண்டலின் புத்தகங்களைப் பனியில் புதைத்துவிட்டு, வசந்தத்தில் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னவனும் அவன்தான்.

ருடி கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தான். நாவல் அலமாரிக்கு முன் நின்றான். ஒரு புத்தகத்தை எடுத்து, கட்டைவிரலால் சரியாக ஓரிடத்தில் திறந்தான். பார்த்தான். திரும்ப வைத்தான். அடுத்தது. திறந்தான். பார்த்தான். வைத்தான்.

வெண்டலின் வயிற்றில் நீலச் சால்வை ஒன்று மெதுவாக அவிழ்ந்து விழுந்தது.

"ருடி," என்றார். "நீயா?"

"நான்தான்டா ஹார்யூ. வேற யாரு இந்தப் பனியில வருவான்?"

"முப்பத்தோராம் பக்கம். அந்த மீன்."

ருடி சுற்றுமுற்றும் பார்த்தான். கதவளவு ஆள் கொஞ்சம் ஜன்னலளவு ஆனான். "டேய், பென்சில்தான்டா. கண்ணுக்கே தெரியாது."

"தப்புன்னு சொல்லல. ஏன் அந்தப் பக்கம்? அந்த இடத்துல உனக்கு என்ன..."

"என் வண்டி நம்பர்டா முப்பத்தொண்ணு. வேறன்னா மறந்துடும்."

"எதுக்காக மீன்?"

"எல்லா அட்டையும் ஒரே மாதிரி இருக்கு. எது படிச்சது, எது படிக்காததுன்னு தெரிய மாட்டேங்குது. மீன் இருந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம். திரும்ப எடுக்காதன்னு அர்த்தம்."

"பிடிச்சதுக்குத்தானே போடுவ?"

"பிடிச்சதா? அந்தக் கயித்துப் புத்தகம் பிடிக்குமாடா மனுஷனுக்கு? எடுத்தேன், தூங்கிட்டேன், போட்டேன்."

வெண்டல் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாதத்துக்கு மேல் ஒரு மீனின் பின்னால் போயிருக்கிறார். அது எங்கும் போகவே இல்லை. மறுபடி எல்லாம் வெறும் தாளாகிவிடுமோ என்று பயம் வந்தது. நாக்கில் இருந்த ருசி இந்த நொடியே போய்விடுமோ என்று எச்சிலை விழுங்கிப் பார்த்தார்.

ருடிக்கு இதெல்லாம் தெரியவில்லை. அவனுக்கு அவன் கோபம். "அதை விடு. எவனோ ஒரு படுபாவி என் மீனையெல்லாம் அழிச்சுக்கிட்டுத் திரியறான். கையில மட்டும் கெடச்சான், ஊர்ப் பனி மொத்தத்தையும் அவன் வீட்டு வாசல்ல கொண்டு போய்த் தள்ளுவேன். அவனால அந்த வாத்துக்காரி புத்தகத்தை மூணு தடவை எடுத்துட்டுப் போனேன்டா. மூணு தடவை!"

சட்டைப்பையில் இருந்த அழிப்பானை வெண்டல் ஒரு விரலால் ஆழத்துக்கு அழுத்தினார். பிறகு, கோழைத்தனத்தையும் எவ்வளவு நாள்தான் சுமப்பது என்று, வெளியே எடுத்தே காட்டினார்.

ருடி அழிப்பானைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். "மூணாங்கிளாஸ்ல உன்னையும் சேர்த்துப் புதைச்சிருக்கணும்டா."

"மூணு தடவையும் முழுசா படிச்சியா?"

"முதல் தடவை நாப்பது பக்கம். கண்றாவி. ரெண்டாவது தடவை பாதி வரைக்கும் போனப்பறம்தான் தெரிஞ்சுது, ஏற்கனவே வெறுத்த புத்தகம்னு. மூணாவது தடவை..." ருடி கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பனி நிக்கட்டும்னு ஏரி முனையில வண்டியைப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். வேற புத்தகம் இல்ல. அவ வாத்து எண்றா இல்ல? ஒண்ணு ஜாஸ்தியா இருக்கு."

"ஆமா."

"அதை அவ புருஷன்கிட்ட சொல்லல."

"சொல்லல."

"ஏன்டா சொல்லல? அதுதான் எனக்கு வெளங்கல. கண்றாவிப் புத்தகம்."

"சொன்னா அவன் அக்கம்பக்கத்துல விசாரிச்சுத் திருப்பிக் குடுத்துடுவான். அவளுக்குன்னு தானா வந்தது அது ஒண்ணுதானே?"

"அப்ப கடைசில அவளே அதைப் பறக்க விடறாளே? அது என்ன கணக்கு?"

"அவ விடலடா! கதவைத் திறந்து வச்சா. அவ்வளவுதான்."

"திறந்து வச்சா என்ன, விட்டா என்ன?"

"ரெண்டும் ஒண்ணா? நீ எல்லாம் படிச்சு..."

டார்லா குரல் கொடுத்தார். "ருடி, மேல ரோட்ல நாலு கார் மாட்டிக்கிட்டு நிக்குதாம். ஷெரிப் ஆபீஸ்ல இருந்து மூணாவது தடவை கூப்பிடறாங்க."

"ரெண்டு நிமிஷம்னு சொல்லு. இவன் ஒண்ணும் புரியாம பேசறான்."

இருபத்தைந்து நிமிடம் ஆனது. கடைசியில் ருடி, கதவைத் திறந்து வைப்பதும் விடுவதும் ஒன்றுதான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டு, மீன் இல்லாத இரண்டு புத்தகங்களோடு வெளியேறினான்.

வண்டியின் மஞ்சள் விளக்கு பனிக்குள் கரைந்தது. வெண்டல் அலமாரிகளுக்கு நடுவே தனியே நின்றார். வழிகாட்ட யாருமில்லை. நீலச் சால்வைக்காரி கிளம்பிப் போய்விட்டிருந்தாள். போகும்போது கதவைத் திறந்தே வைத்திருந்தாள் என்று சொல்லலாம், ஆனால் ருடி ஒப்புக்கொள்ள மாட்டான். அவர் கையை நீட்டி, பின்னட்டையைப் பார்க்காமல், முப்பத்தோராம் பக்கத்தைத் திறக்காமல், கையில் பட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

முதல் பக்கத்தில் மனசு வாசலில்தான் நின்றது. பூட்ஸைத் தட்டியது. இரண்டாவது பக்கத்திலும் தட்டியது. வெண்டல் வற்புறுத்தவில்லை. மூன்றாவது பக்கத்தில், உறைந்த ஏரியின் மேல் ஒரு முழு வீட்டைச் சறுக்குக் கட்டைகளில் ஏற்றி, எட்டுக் குதிரை பூட்டி, அக்கரைக்கு இழுத்துப் போகிறான் ஒருவன். வீட்டுக்குள் அவன் தங்கை இறங்க மறுத்து உட்கார்ந்திருக்கிறாள், அடுப்புகூட எரிகிறது. புகைபோக்கியில் புகை விட்டுக்கொண்டு ஒரு வீடு பனிமேல் போகிறது...

"அஞ்சாச்சு. பூட்டணும்" என்றார் டார்லா, கோட்டை மாட்டிக்கொண்டு.

"இரு டார்லா. வீடு ஏரி நடுவுல நிக்குது. பனி விரிசல் விடற சத்தம் கேக்குது. உள்ள ஆள் இருக்கு."

"எந்த வீடு?"

வெண்டல் பக்கத்தைத் திருப்பினார். டார்லா கிட்டே வந்து பார்த்தார். தொண்ணூற்று நாலாம் பக்கம். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்கு நடுவே, அடையாளத்துக்குத் தயாராக, நாலாய் மடித்த அந்த ராஜினாமாக் கடிதம் செருகியிருந்தது. இரண்டாவது பத்தியை வெண்டல் இன்னும் குறைத்திருக்கவில்லை.

டார்லா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். ஜன்னலோர விளக்கைப் போட்டுவிட்டு, காபி வைக்கப் போனார்.