பதினொரு சதவீதம்

“எட்டுன்னா எட்டுதான் சார். மூணு தடவை நிறுத்துப் பார்த்துட்டேன்.”

“போன மாசம் பதினொன்னுன்னு நீதானே எழுதுன?”

“நான்தான்.”

“அப்ப தராசுதான் குடிச்சிருக்கும், சிவகாமி.”

கருணாகரன் சிரித்தார். சிவகாமசுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. காஜா பெராங்கில் இருந்த அந்தச் சிறிய ஆய்வுக்கூடத்தில் ஜன்னலைத் திறக்கக் கூடாது. காற்றுப் பட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் தராசின் முள் ஆடும். ஜூலை மாத வெயிலில், நெடியடிக்கும் அறைக்குள் அவள் நாள் முழுக்க நின்றாள்.

வேலை தூபா வேரோடு. மலாய்க்காரர்கள் ஆற்றில் மீனை மயக்கப் பிழிந்துவிடும் வேர். அதை அரைத்து ஊறவைத்து, கரைப்பானில் கரைத்துக் குளிரவைத்தால், பூச்சியைக் கொல்லும் சத்து வெண்படிகமாக இறங்கும். பனியை அவள் பார்த்ததில்லை. நாவல்களில் படித்திருந்த பனி இப்படித்தான் இறங்கும் என்று நினைத்துக்கொள்வாள். படிகத்தை நிறுத்தால் வேரில் எவ்வளவு சத்து என்று தெரிந்துவிடும். குருபோங் ஊரில் வளர்ந்த ஒரு தூபாக் கொடியின் வேருக்குப் போன மாதம் பதினொரு சதவீதம் வந்தது.

இன்று மத்தியானம் அதே படிகத்தைச் சூட்டு அலமாரியில் வைத்துவிட்டு, மறந்துபோய்ச் சாப்பிடப் போனாள். வந்து நிறுத்தபோது கால் பங்குக்கு மேல் எடை குறைந்திருந்தது. நன்றாகக் காய்ந்த தூள் என்று அவள் நம்பியதற்குள் கரைப்பானும் சேர்ந்தே உறைந்து கிடந்திருக்கிறது.

“ஈதர் தீர்ந்துபோச்சு, கார்பன் டெட்ராகுளோரைடுல கரைன்னு நீங்கதான் சார் சொன்னீங்க. அது படிகத்தோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “தொரை அடுத்த மாசம் சீமைக்குக் கப்பலேறுறாரு. அந்த நாற்காலி எனக்குன்னு பேசிட்டாங்க. எதை வச்சு? இந்தப் பதினொன்னை வச்சு. ரிப்போர்ட்டுல என் பேருக்குக் கீழ உன் பேரும் இருக்குலா.”

“பத்துக்குக் குறைஞ்சா கம்பெனி வேரை எடுக்காது சார். அந்தக் கொடியைத்தான் இப்ப எல்லாரும் நடுறாங்க.”

“வேரை வெட்டுறதுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. அதுக்குள்ள என்னென்னவோ நடக்கும்.”

அவளுடைய குறிப்பேட்டை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். புதுக் குறிப்பேடு ஒன்றை மேசையில் போட்டார்.

“பதினொன்னுன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போ. இல்லாட்டி நாளையிலேருந்து வீட்டுலயே இரு.”

இந்த வேலை இருக்கும்வரைதான் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். ஈப்போ மாப்பிள்ளையின் படம் வீட்டு மேசை டிராயரில் தயாராகவே இருந்தது. சிவகாமசுந்தரி பேனாவைத் திறந்து தேதியை மட்டும் எழுதினாள். கருணாகரன் உள்ளறைக்குப் போனார், கதவைச் சாத்தவில்லை.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. முகைதீன் பாய். அந்தக் கொடி வளர்ந்தது அவருடைய தோட்டத்தில்தான்.

“என்ன தங்கச்சி, மீனுக்குப் பதிலா ஆளையே மயக்கிப்புடும் போலிருக்கே இந்த நாத்தம். ஜன்னலைத் திறந்தா தொரை அடிப்பாரா?”

“தராசு ஆடும் பாய்.”

“சரி சரி.” தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். “நாளைக்குக் காலையில ஆளுங்க வர்றாங்க. நாப்பது ரம்புத்தான் மரம், எல்லாம் காய்க்கிற மரம். வெட்டிட்டு முழுக்க இந்தக் கொடியையே போட்டுரலாம்னு மகன் ஒத்தக் கால்ல நிக்கிறான். மரத்தைத் தொடக் கூடாதுன்னு வீட்டுல அவங்க ரெண்டு நாளா சோறாக்கல.”

உள்ளறையில் காகிதம் புரட்டும் சத்தம் நின்றது.

“கருணாகரன் சார் பதினொன்னுன்னாரு. அவரு பெரியவரு, சொல்லுவாரு. ஆனா நிறுத்தது நீங்கதானே?”

அவள் திறந்த கதவைப் பார்த்தாள். இங்கிருந்து அவருடைய ஷூவின் நுனி மட்டும் தெரிந்தது.

பாய் மேசைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“எழுதியெல்லாம் தர வேணாம் தங்கச்சி. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. வெட்டட்டுமா?”